நேர்வெயில்

ஜூன் 16

இன்றிலிருந்து இந்த நோட்டில் வெளிச்சத்தைப் பற்றி மட்டுமே எழுதுவது என்று தீர்மானித்திருக்கிறேன். காரணம் உண்டு. பிப்ரவரி 19 அன்று காலை 6.50 மணிக்கு, புதுச்சேரி பெருமாள்ராஜா வீதியில், கலியவரதன் என்பவன் ஓட்டிவந்த பால் வேன் என் மனைவி திலகவதியை இடித்தது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவள் இறந்தாள். காவல் நிலையத்தில் அவன் கொடுத்த வாக்குமூலம் பத்து வரி. அதில் பொருட்படுத்தத் தக்கது இரண்டே சொற்கள்: கண் கூசிடுச்சு.

நான் முப்பது ஆண்டுகளாக ஓவியக் கல்லூரியில் மேலை ஓவிய வரலாறு கற்பிப்பவன். வெளிச்சம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஒரு வேன் ஓட்டுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. வழக்கு விசாரணைக்கு வரும்போது அந்த இரண்டு சொற்களும் பொய் என்று நிறுவுவேன். பாரிஸ் நகரத்துத் தெருக்களை வரைந்தவர்கள் அதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நாள் தவறாமல் நின்று பார்ப்பது.

காலை 6.50. தெற்கு நடைபாதை, மூடிக் கிடக்கும் அச்சகத்தின் வாசல். வானம் தெளிவு. சூரியன் வடக்கு வரிசை வீடுகளுக்குப் பின்னால். தெற்குச் சுவர்களின் மேல் பாதியில் மட்டும் மஞ்சள். சாலை முழுவதும் நீலம் கலந்த நிழல், மென்மையானது, சமமானது. நாற்பதடி தூரத்தில் நடந்து சென்ற பெண்ணின் தலையில் இருந்தது கனகாம்பரம் என்று என்னால் சொல்ல முடிந்தது.

கண் கூசவில்லை.

ஜூன் 19

அச்சகத்துக்கு எதிரே இடியாப்பம் விற்கும் தனகோடி என்ற அம்மாள் இன்று பேச்சுக் கொடுத்தாள்.

“இன்னா சாரே, நாலு நாளா நிக்கிறீங்க. முனிசிபாலிட்டியா?”

இல்லை என்றேன்.

“கொழாய் மாத்துறாங்களோன்னு பார்த்தேன். அப்போ ரெண்டு இடியாப்பமாச்சும் துன்னுங்க. சும்மா நின்னா எம் போணி கெடுது.”

வாங்கிக்கொண்டேன். நான் யார் என்று பிறகுதான் அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு, தேங்காய்ப்பாலை இன்னொரு கரண்டி ஊற்றினாள். இரக்கத்தை இப்படிக் கரண்டியால் ஊற்றுவதை நான் விரும்பவில்லை. ஆயினும் சாப்பிட்டேன். வீட்டில் அடுப்பு பற்றவைத்து இரண்டு நாளாகிறது.

வெளிச்சம்: 16ஆம் தேதி போலவே.

ஜூன் 30

சிலிண்டர் தீர்ந்தது. பதிவு செய்யும் எண் திலகவதியின் கைபேசியில் இருந்திருக்கிறது. கடவுச்சொல் தெரியவில்லை.

ஜூலை 8

அரசு வழக்கறிஞர் ஜெசிந்தாவைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். கெட்டிக்காரர். என் இருபத்துமூன்று நாள் குறிப்புகளையும் புகைப்படங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், இவ்ளோ ஒழுங்கா எங்க இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தா நான் தினம் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பேன்” என்றார்.

நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ‘எதிரி’ என்று பெயர். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. தரப்பு மாறாத சொல்.

“எதிரி சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். வெயில் கண்ணுல அடிச்சுது, ஆளே தெரியல. வண்டி மெதுவாத்தான் வந்திருக்கு, பிரேக் தடம்கூட இல்ல. அது நமக்கு நல்லதுதான், கடைசி வரைக்கும் பார்க்கவே இல்லைன்னு ஆகுது. நீங்க அங்கேயே நின்னீங்க. நீங்க நின்ன இடத்துலேருந்து மேடம் தெரிஞ்சாங்கன்னா, அவனுக்கும் தெரிஞ்சிருக்கணும். அவ்ளோதான் கேஸு.” பிறகு நிமிர்ந்து, “பார்த்தீங்கல்ல சார்?” என்றார்.

என் மாணவர்கள் ஆறு பேரோடு வெளிப்புற வகுப்பில் நின்றிருந்தேன் என்றேன்.

“அது தெரியும். மேடம் குறுக்கே வந்ததைப் பார்த்தீங்கல்ல?”

வேன் என்னைக் கடந்து போனதைப் பார்த்தேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். வேறு கேட்கவில்லை.

கிளம்பும்போது சம்பவ இடத்தில் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைச் சரிபார்க்கச் சொன்னார். துணிப்பை ஒன்று. மூக்குக் கண்ணாடி ஒன்று, உடைந்தது. ரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்று.

“மேடத்துக்குப் பிரஷரா சார்?”

“எனக்கு” என்றேன்.

ஜூலை 21

இறுதியாண்டு வகுப்பு. பாடத்திட்டத்தில் இது பாரிஸ் தெருக்களின் வாரம். தள்ளிப்போட முடியாது.

அந்தத் தெருவோவியங்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்களிடம் தொடங்குவதுதான் எனக்கு எப்போதும் பிடிக்கும். நகரத்து வெளிச்சம் வயல்வெளி வெளிச்சம் அன்று. அதில் நிலக்கரிப் புகை இருக்கிறது, குதிரைகளின் மூச்சு இருக்கிறது, ஈரக் கற்களிலிருந்து திரும்பி எழும் வெள்ளி இருக்கிறது. அந்த ஓவியர்கள் தெருவை வரையவில்லை. தெருவுக்கும் தங்களுக்கும் இடையே நின்ற காற்றை வரைந்தார்கள். அவர்களில் ஒருவர், வயது முதிர்ந்தவர். தூசு பட்டால் கண்ணில் சீழ் வைக்கும் நோய் அவருக்கு. ஆகவே விடுதியின் மாடியறை ஜன்னலை மூடிக்கொண்டு, கீழே ஓடிய ஒரே சாலையைப் பனியில், மழையில், வசந்த வெயிலில் என்று திரும்பத் திரும்ப வரைந்தார். நோயுற்ற கண்ணுக்குத்தான் அத்தனை பொறுமை இருந்தது.

இன்னொரு ஓவியத்தில் சாலை நிறைய ஜனங்கள். அவர்களுக்கு முகமில்லை, கைகால் இல்லை, சின்னச் சின்னக் கறுப்புத் தீற்றல்கள் மட்டும். நாக்கால் நக்கி வைத்ததுபோல் இருக்கிறது என்று அந்தக் காலத்து விமர்சகர் ஒருவர் பரிகசித்தார். இந்த இடத்தில் நான் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. கண் ஒன்றைக் காண்பதற்கும் மனம் அதற்குப் பெயரிடுவதற்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறது, இவர்கள் அந்த நொடியை வரைந்தார்கள் என்பேன். இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

இன்று அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. வகுப்பை இருபது நிமிடத்தில் முடித்தேன்.

அடுத்த பிப்ரவரியில் வெளிப்புற வகுப்பு உண்டா என்று அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை. இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆகஸ்ட் 5

ஐம்பத்தோராவது நாள். தெளிவான வானம், சமமான நிழல். குறிப்புகளைப் பிழையின்றித் தட்டச்சு செய்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன்.

தனகோடி இன்று என் நோட்டை எட்டிப் பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் இடியாப்ப ஈடு ஒன்றை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“இப்ப எழுதி இன்னா பிரயோஜனம் சாரே? இப்ப வெயிலு அந்தாண்ட வூட்டு மேல கீது. இந்தத் தெருவுக்கு வருசத்துல ரெண்டு வாட்டிதான் நேர்வெயிலு. மாசியில ஒருக்கா, ஐப்பசியில ஒருக்கா. நாலு நாளோ அஞ்சு நாளோ. கடலுக்குள்ளேருந்து எழுந்து நேரா தெருவுக்குள்ளயே வரும் பாரு, எதுக்க வர்றது எம் புருசனா கடங்காரனான்னு எனக்கே தெரியாது. ரெண்டு பேர் வந்தாலும் தலைய குனிஞ்சிக்குவேன்.” சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “பால்காரங்க அந்த நாளுல பின்னாடித் தெருவாத்தான் போவாங்க. இந்த வருசம் மாசியில அந்த வாரம் பைப்பு போடறோம்னு பின்னாடித் தெருவ நோண்டிப் போட்டிருந்தான். நீ வேணா ஐப்பசியில வந்து பாரு. அப்பால எழுது.”

எழுத்தறிவில்லாத அனுமானம்.

ஆகஸ்ட் 6

அது அனுமானமல்ல என்பதை நேர்மையின் பொருட்டு எழுதிவைக்கிறேன். பெருமாள்ராஜா வீதி நேர் கிழக்கில் ஓடவில்லை. சற்றே தென்கிழக்காகச் சாய்ந்து கடலில் முடிகிறது. பிப்ரவரி 19இல் சூரியன் உதிக்கும் திசை அக்டோபர் 23இல் மறுபடி வரும். இதற்குப் பஞ்சாங்கம்கூட வேண்டாம், பள்ளிக்கூடப் பூகோளம் போதும். ஒரே இடம், ஒரே நேரம் என்று முதல் நாள் எழுதினேன். ஒரே பருவம் என்பதை எழுதவில்லை. மாணவன் ஒருவன் இந்தப் பிழையைச் செய்திருந்தால் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வெளிப்புற வகுப்பை நான் ஆண்டுதோறும் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் வைப்பது எதனால் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.

ஜெசிந்தாவுக்கு அனுப்பிய குறிப்புகளைத் திரும்பப் பெறவில்லை.

ஆகஸ்ட் 29

சலவை இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. துணிகளுக்கு நடுவே அவளுடைய கைக்குட்டை. எப்போது போட்டது, எத்தனை முறை துவைந்தது என்று தெரியவில்லை. மீண்டும் காயவைத்தேன்.

செப்டம்பர் 14

நிலோஃபர் வீட்டுக்கு வந்தாள். அன்றைய வெளிப்புற வகுப்பில் இருந்த ஆறு பேரில் ஒருத்தி, வரைவதில் நல்ல கோடு உடையவள். எதிரியின் வழக்கறிஞர் அவளைத் தொலைபேசியில் அழைத்து, அன்று காலை ஏதாவது வரைந்தீர்களா என்று கேட்டிருக்கிறார். இலவசச் சட்ட உதவியில் வாதாடும் இளைஞராம். இருந்தும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறார்.

அவள் உட்காரவில்லை. பையிலிருந்து வரைநோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். கரித்துண்டு ஓவியம். இரு பக்கமும் கட்டடங்கள், நடுவே வெற்றுத்தாளின் வெள்ளை, அந்த வெள்ளையில் இரண்டு கறுப்புத் தீற்றல்கள். ஓரத்தில் அவளுடைய கையெழுத்தில், நான் சொல்லச் சொல்ல எழுதியது: ‘நடுவே வரும் உருவத்தைப் பாருங்கள். வெளிச்சம் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆணா பெண்ணா என்று தேடாதீர்கள். இரண்டு தீற்றல் போதும்.’ கீழே தேதி. நேரம் 6.49.

“சார், அப்ப அது யாருன்னு எங்க ஒருத்தருக்கும் தெரியல சார்.”

நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினேன்.

“மாத்திரை கொடுக்க வந்தாங்கன்னு அப்புறந்தான்…” அழுதாள். “வக்கீல் இதைக் கேட்டா என்ன சார் பண்ணட்டும்? கிழிச்சுடட்டுமா?”

அவளுக்கு இருபத்தோரு வயது. நான் சொல்வதைச் செய்வாள் என்று எனக்குத் தெரியும். கிழி என்று சொல்லவில்லை. கிழிக்காதே என்றும் சொல்லவில்லை. “உன் நோட்டு, உன் விருப்பம்” என்றேன். கோப்பைகளைக் கழுவ உள்ளே போனேன். அவள் தேநீர் குடித்திருக்கவில்லை.

செப்டம்பர் 15

கிழித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள். பதில் போடவில்லை.

அக்டோபர் 22

மழை. வானம் ஈயம். வெளிச்சமே இல்லை. தனகோடியின் கடை தார்ப்பாய்க்குள். “இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, வூட்டுக்குப் போ சாரே” என்றாள். போகவில்லை. குடைக்குள் நின்றேன். நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் அது உண்மைதான்.

அக்டோபர் 23

மழை.

அக்டோபர் 24

விடியும்முன் மழை விட்டது. நாள்காட்டித் தாளில் சூரிய உதயம் 5.59. பிப்ரவரியைவிட அரைமணி முன்னதாக உதிக்கிறது. ஆகவே அன்றைய 6.50க்கு இன்று ஈடான நேரம் 6.20. அச்சக வாசலில் நின்றேன்.

6.10. தெருமுனையில் கடல் ஒரு செப்புக் கோடு.

6.14. கோடு உடைந்தது. சூரியன் இரண்டு வரிசைக் கட்டடங்களுக்கும் நடுவே வந்து நின்றது. யாரோ அளந்து அங்கே வைத்ததுபோல் இருந்தது.

6.20. இதை நான் கவனமாக எழுத வேண்டும். ஈரச் சாலை மேலே இருப்பதை அப்படியே கீழேயும் கொண்டிருந்தது. வானம் எங்கே முடிகிறது, தார் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை இல்லை. கட்டட விளிம்புகள் பழுப்பாகி, பிறகு ரோஜா நிறமாகி, பிறகு விளிம்பே அற்றுப்போயின. காற்றில் நின்ற ஈரம் ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைப் பிடித்துவைத்திருந்தது. மின்கம்பிகள் மறைந்தன. மிதிவண்டி ஒன்று வந்தது. முதலில் அதிர்வு, பிறகு நிழல், மிக அருகில் வந்த பிறகே மனிதன். இதைவிட அழகான ஒன்றை நான் வாழ்வில் கண்டதில்லை. எட்டு மாதங்களுக்கு முன் அதே இடத்தில் நின்றும் இதையேதான் நினைத்தேன்.

நாற்பதடி தூரத்தில் ஒரு பெண் சாலையைக் கடந்தாள். பெண் என்று இப்போது எழுதுகிறேன். அவள் கடந்து முடித்து நடைபாதை நிழலுக்குள் வந்த பிறகுதான் அதை அறிந்தேன். தலையில் பூ இருந்ததா என்று தெரியாது.

தனகோடி இடியாப்பத் தட்டை நீட்டினாள். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளோடு சண்டையிட்டிருப்பேன். அதற்கு வாய்ப்பில்லாமல் செய்துவிட்டாள்.

நவம்பர் 11

ஜெசிந்தாவின் அறை. ஒத்திகை.

“எதிர்த்தரப்புல சாட்சின்னு யாருமில்ல சார். அந்த ஸ்டூடண்ட் பொண்ணுகிட்டயும் ஒண்ணும் இல்லையாம். உங்க வார்த்தைதான் கேஸு. மேடம் வர்றதைப் பார்த்தீங்களா? ஆமா. அவ்ளோதான். க்ளாஸ் எடுக்காதீங்க. ஜட்ஜுக்கு மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி பொறுமை கிடையாது, சாப்பாட்டுக்கு அப்புறம் முழிப்பே கிடையாது.”

எதிரிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

“உள்ளே போவான் சார். லைசென்ஸும் போயிடும். அம்பத்திரண்டு வயசு, வேற தொழில் தெரியாது.” நான் மகிழ்வேன் என்று எதிர்பார்த்ததுபோல் ஒரு நொடி காத்திருந்தார்.

நானும் காத்திருந்தேன். வரவில்லை. ஐந்து மாதமாக என்னை எழுப்பி, குளிக்கவைத்து, 6.50க்குத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திய வெறுப்பு என்ற அந்தக் குளிர்ந்த பொருள் அங்கேயேதான் இருந்தது. அது யாரை நோக்கி இருந்தது என்பது மட்டும் இப்போது நன்றாகத் தெரிந்தது.

நவம்பர் 18

காலை 11.40க்கு அழைத்தார்கள். கூண்டில் ஏறினேன். கலியவரதன் சுவரோரம் நின்றிருந்தார். குள்ளமானவர், சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். இதுவரை அவரை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

ஜெசிந்தா கேட்டார்: “உங்க மனைவி சாலையைக் கடந்து வந்ததைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

அவர் திருப்தியோடு உட்காரப் போனார்.

“ஆனால் அது என் மனைவி என்று எனக்குத் தெரியாது” என்றேன்.

நீதிபதி நிமிர்ந்தார். “புரியல. பார்த்தீங்க, ஆனா தெரியாதுன்னா?”

சொன்னேன். வெயில் நேராகத் தெருவுக்குள் இருந்தது. எனக்கும் கலியவரதனுக்கும் முகத்துக்கு நேரே ஒரே வெயில். நடுச்சாலையில் ஓர் உருவம் கரைந்துகொண்டிருந்தது. அதை என் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டினேன். அழகாக இருக்கிறது, பாருங்கள் என்றேன். ஆணா பெண்ணா என்று தேட வேண்டாம் என்றேன். நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வேன் என்னைக் கடந்தது. எச்சரித்துக் கத்துவதற்கு எனக்கு நேரம் இருந்தது. கத்த வேண்டும் என்று தோன்றவில்லை, ஏனென்றால் அங்கே ஓர் ஆள் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அவளோடு வாழ்ந்தவன் நான். என் ஜூன் மாதக் குறிப்புகள் இந்த வழக்குக்குப் பொருந்தாதவை. அது எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். ஒரு மாணவியிடம் இதற்குச் சான்று இருந்தது, அது கிழிபட நான் இடம்கொடுத்தேன், அவள்மேல் குற்றமில்லை.

தட்டச்சு ஓசை மட்டும் கேட்டது. ஜெசிந்தா கோப்பை மூடிவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு இளைஞர் எழுந்து, குறுக்கு விசாரணை இல்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். தீர்ப்பு அடுத்த மாதம்.

வாக்குமூலத்தில் கையெழுத்திட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்து பெஞ்சில் கலியவரதன் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நன்றி சொல்லிவிடுவாரோ என்று அஞ்சினேன். சொல்லவில்லை.

“சார்” என்றார். “எறங்கி ஓடியாந்து, தலையத் தூக்கி மடியில வச்சேன் சார். மூஞ்சிமேல விழுந்திருந்த முடிய ஒதுக்குனேன். அப்பறந்தான் சார் அம்மா மொகத்தையே நான் பார்த்தேன்.”

“நானும் அப்போதுதான் பார்த்தேன்” என்றேன்.

அவர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.